முதலில் அது எங்கே செத்தது என்று பார்ப்பேன்

புதுச் செடி ஒன்றின் மேல் ஆசை வந்தால், அது எங்கெல்லாம் நன்றாக வளர்ந்தது என்று நான் தேடுவதில்லை. எங்கே செத்தது, எதனால் செத்தது என்றுதான் தேடுவேன். கேட்கக் கொஞ்சம் அபசகுனமாகத்தான் இருக்கும். ஆனால் நன்றாக வளர்ந்த கதையைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. விற்பவர் சொல்வார், படம் எடுத்தவர் சொல்வார், போன மாதம் நட்டு இந்த மாதம் பூ பார்த்தவரும் சொல்வார். செத்த கதையைச் சொல்பவர்கள் குறைவு. அவர்கள் சொல்வதில்தான் விஷயம் இருக்கும், ஏனென்றால் எந்த மாதம், என்ன மண், தண்ணீர் தேங்கியதா, இலை முதலில் எந்தப் பக்கம் கருகியது என்றெல்லாம் அவர்கள் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்.

"எளிதாக வளரும்", "பராமரிப்பே வேண்டாம்" என்ற வரிகள் இல்லாத செடிக் குறிப்பே கிடையாது. அவை பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கோ, யார் கையிலோ அது அப்படி வளர்ந்துதான் இருக்கும். எங்கே வளர்ந்தது, எத்தனை வருடம் பார்த்தார்கள், என்ன கவனிப்பு கொடுத்தார்கள், பக்கத்தில் வேறு எதை வைத்து ஒப்பிட்டார்கள் என்ற விவரம் இல்லாதவரை அந்த வரியால் எனக்குப் பயனில்லை. இந்த விவரங்களைச் சேர்த்துவைப்பதையே வேலையாகக் கொண்ட சில இடங்கள் உலகில் இருக்கின்றன. நம்பகமான செடி வேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

பலருக்கும் தெரிந்தது பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தரும் 'அவார்ட் ஆஃப் கார்டன் மெரிட்'. 1922இல் தொடங்கிய விருது. செடிக் குறிப்பில் சின்னதாக ஒரு கோப்பைப் படம் இருந்தால் இதுதான். அழகுக்கு மட்டும் கொடுப்பதில்லை. சாதாரணத் தோட்டத்தில் நன்றாக வளர வேண்டும், கடையில் கிடைக்க வேண்டும், உடல்வாகு திடமாக இருக்க வேண்டும், நிறமும் வடிவமும் மாறாமல் இருக்க வேண்டும், பூச்சிக்கும் நோய்க்கும் ஓரளவு தாங்க வேண்டும். எனக்கு இதில் பிடித்தது கொடுப்பதை விடப் பறிப்பதுதான். பட்டியலை அவ்வப்போது மறுபடி பார்த்து, தகுதி இழந்தவற்றை நீக்கிவிடுகிறார்கள். எதையுமே நீக்காத பட்டியலை நான் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் 'ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்' என்று ஒன்று, 1932இல் ஆரம்பித்தது. விதையில் வளரும் காய்கறி, பூச்செடி ரகங்களை அங்கே பெயர் மறைத்துப் பயிரிடுகிறார்கள். எந்தக் கம்பெனியின் ரகம் என்று நடுவருக்குத் தெரியாது. அதே மாதிரியான, ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்த ரகம் ஒன்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அதை விட இது மேலா என்பதுதான் கேள்வி. நம் வீட்டில் செய்யும் சோதனைகளில் நாம் விட்டுவிடுவது இந்தப் பக்கத்துச் செடியைத்தான். புது ரகத்தை மட்டும் நட்டு, அது நன்றாக வந்தால் ரகத்தைப் பாராட்டுகிறோம். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தால் பழைய ரகமும் அப்படியே வந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட நான் ரசித்துப் படிப்பது சிகாகோ தாவரவியல் பூங்காவின் மதிப்பீட்டு அறிக்கைகளை. பல்லாண்டுச் செடிகளை அவர்கள் குறைந்தது 4 வருடம் வைத்துப் பார்க்கிறார்கள். புதர்களுக்கும் கொடிகளுக்கும் 6 வருடம், மரங்களுக்கு 7 முதல் 10 வருடம். செல்லம் கொடுப்பதில்லை. உரம் இல்லை, மருந்து இல்லை, குளிருக்கு மூடாக்கு இல்லை. பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கடைசியில் வரும் அட்டவணையில் ஒரே இனத்தின் பல ரகங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணோடு. நான் அட்டவணையை அடியிலிருந்து மேலே படிப்பேன். அடியில் இருப்பவை ஏன் அங்கே போயின என்று தெரிந்தால், அந்த இனத்துக்கே எது பலவீனம் என்று புரிந்துவிடும். குளிர்காலத்து ஈரத்தில் வேர் அழுகுகிறதா, மூன்றாம் வருடம் நடுவில் வெற்றிடம் விழுந்து வளையமாகிவிடுகிறதா, பூக்கும் காலத்தில் தண்டு சாய்கிறதா. அப்புறம் அந்த இனத்தில் எந்த ரகத்தைப் பார்த்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் மவுன்ட் கியூபா சென்டர் என்றொரு தோட்டம். அவர்கள் செடியின் உடல்நலத்தோடு, அதைத் தேடி யார் வருகிறார்கள் என்றும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ஃப்ளாக்ஸ் என்ற பூச்செடியில் பல ரகங்களை வைத்துப் பார்த்தபோது அதிகம் பட்டாம்பூச்சிகளை இழுத்தது 'ஜீனா' என்ற ரகம். டென்னசியில் ஹார்பெத் ஆற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடந்தது அது. இதன் பூ அந்த இனத்திலேயே பொடியானது. சாம்பல் நோயும் இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. படத்தைப் பார்த்து வாங்குபவர் யாரும் இதை எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் பெரிய பூவாக நிற்பதைத்தான் எடுப்பார்கள். எக்கினேசியா என்ற பூச்செடியில் இதற்கு நேர்மாறான கதை. அடுக்கு அடுக்காக இதழ் வைத்த புது ரகங்கள் படத்தில் அள்ளும், ஆனால் தேனீக்கள் அவற்றை அதிகம் சீண்டுவதில்லை.

சரி, விருது வாங்கிய, அறிக்கையில் மேலே இருக்கிற செடியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். ஜப்பான் நாட்வீட் என்ற செடிக்கு 1847இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது, அந்த ஆண்டின் சுவாரஸ்யமான புது அலங்காரச் செடி என்று. அதில் தப்பும் இல்லை. அழகான இலை, நுரை நுரையாகப் பூ, எந்த மண்ணிலும் வரும், வெட்டினாலும் துளிர்க்கும். இன்று பிரிட்டனில் அதைக் காட்டுவெளியில் நடுவதே குற்றம். நிலத்துக்கடியில் கிழங்கு ஓடி, ஒரு துண்டு விட்டுப்போனாலும் மறுபடி எழும். எதற்காகப் பாராட்டினார்களோ அதுவேதான் பின்னால் தொல்லையானது. ஒரு செடி "எங்கும் வரும், எதையும் தாங்கும், தானே பரவும்" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், அது நம் பகுதியின் ஊடுருவும் களைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பிராட்ஃபோர்ட் பேரி மரத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. அமெரிக்க வேளாண் துறை 1963இல் வெளியிட்ட மரம். சீனத்துக் காலரி பேரியை முதலில் கொண்டுவந்தது ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகத்தான். பழப் பேரியைத் தாக்கும் தீக்கருகல் நோயை அது தாங்கும் என்பதால். அந்த நாற்றுகளில் ஒன்று முள் இல்லாமல் அழகாக நின்றது. வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் நல்ல சிவப்பு, தெருவோரப் புழுதியையும் தாங்கியது. சில வருடம் தெருவில் நட்டும் பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் கிளைகள் தண்டில் ஒரே இடத்தில் குறுகிய கோணத்தில் கிளம்புகிறவை. 15, 20 வயதில் எடை கூடியதும் காற்றிலும் பனியிலும் இரண்டாகப் பிளந்தன. இன்னொன்றும் நடந்தது. பிராட்ஃபோர்ட் தன்னோடு தானே காய்ப்பதில்லை என்பதால் பரவாது என்றிருந்தார்கள். பிற்பாடு அதே இனத்தில் வேறு ரகங்களும் சந்தைக்கு வர, ஒன்றோடொன்று மகரந்தம் சேர்ந்து காய்த்தன. பறவைகள் விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோயின. 2023இல் ஒஹாயோ மாநிலம் இந்த இனத்தின் விற்பனைக்கே தடை போட்டது. சோதித்தவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. 20 வயதில் வரும் குறை, 20 வருடம் காத்திருந்தால்தான் தெரியும். அதனால்தான் மரம் என்று வந்தால் புது ரகம் பக்கமே நான் போவதில்லை. ஒரு பருவத்தில் முடிந்துவிடும் தக்காளியில் எத்தனை புது ரகம் வேண்டுமானாலும் விளையாடலாம்.

அடுத்தது இடம். குளிர் மண்டல எண்ணைப் பார்த்து வாங்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அமெரிக்க வேளாண் துறை 1960இல் முதன்முதலில் வெளியிட்ட வரைபடம் அது, கடைசியாக 2023இல் புதுப்பித்தார்கள். மொத்தம் 13 மண்டலங்கள். அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்று, வருடத்தின் மிகக் குளிரான பொழுது சராசரியாக எவ்வளவு குளிரும் என்பது. சான் ஃபிரான்சிஸ்கோ 10ஆம் மண்டலம், தெற்கு ஃப்ளோரிடாவின் பெரும்பகுதியும் 10தான். ஒன்றில் கோடையிலும் மூடுபனியும் குளிர்ந்த காற்றும், இன்னொன்றில் வெயிலும் புழுக்கமும் மழையும். முதல் ஊரில் வருடக்கணக்கில் செழித்த ஃபூஷியா பூச்செடி இரண்டாவது ஊரின் கோடையைப் பார்க்காது. இதற்காகவே அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் வெப்ப மண்டல வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தது, வருடத்தில் எத்தனை நாள் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது என்ற கணக்கில். அது குளிர் வரைபடம் அளவுக்குப் பிரபலமாகவில்லை. வெயில் அதிகமுள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். பகல் வெயிலை விட இரவுப் புழுக்கம் பல செடிகளைக் கொல்லும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காத வாரங்களில் பல தக்காளி ரகங்கள் பூவை உதிர்த்துவிடும். செடி பார்க்க நன்றாகவே இருக்கும், காய் மட்டும் பிடிக்காது.

வெங்காயத்துக்கோ வெப்பம் மட்டும் போதாது, பகலின் நீளமும் வேண்டும். உயர் அட்சரேகைகளுக்கான ரகங்கள் பகல் 14 மணி நேரத்தைத் தொட்டால்தான் கிழங்கு வைக்கத் தொடங்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் அவ்வளவு நீளமான பகலே வராது. அங்கே அந்த ரகத்தை நட்டு, உரம் போட்டு, களை எடுத்து, கடைசிவரை தாளைத்தான் அறுக்கலாம். அங்கே 10 முதல் 12 மணி நேரப் பகலிலேயே கிழங்கு வைக்கும் குறும்பகல் ரகம்தான் சரி. ஆப்பிளுக்குக் குளிர் மணி நேரக் கணக்கு, அதாவது குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் போதிய குளிர் கிடைத்தது என்பது. இப்படி ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சாவி இருக்கும். அந்தச் சாவி எது என்று முதலில் தெரிந்துகொண்டால் தேடல் பாதியாகக் குறையும்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் உதாரணம் ஒன்று தக்காளியில் இருக்கிறது. விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று எழுத்துகள் இருக்கும். வியும் எஃபும் இரண்டு வகை வாடல் நோய்களுக்கு, என் என்பது வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிர்ப்பு. இந்த நூற்புழு எதிர்ப்பு ஒரு காட்டுத் தக்காளியிலிருந்து வந்த 'எம்ஐ' என்ற மரபணுவின் கொடை. உண்மையான எதிர்ப்பு, பலமுறை சோதித்தது, பாக்கெட்டில் போட்டது சரிதான். ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். நூற்புழு மண்டிக் கிடப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட சூடான மண்ணில்தான்! ஆக, எங்கே அது அதிகம் தேவையோ அங்கே அது கைவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சோதனை நடந்த மண்ணின் சூடு பாக்கெட்டில் அச்சாவதில்லை, அவ்வளவுதான். மூடாக்குப் போட்டு மண்ணைக் குளிர்வாக வைத்தால் அந்த எழுத்துக்கு மறுபடி கொஞ்சம் மதிப்பு வரும்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை திறந்த நிலத்தில் நடந்தவை. வெயில் படும் பக்கத்தில் கறுப்புத் தொட்டியின் ஓரமண் 45 டிகிரியையும் தாண்டும். நிலத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் நிற்கும் செடி தொட்டியில் இரண்டே நாளில் தொங்கிவிடும். வறட்சியைத் தாங்கும் என்று பெயர் வாங்கிய பல செடிகள் வேரை ஆழமாக இறக்கித்தான் தாங்குகின்றன. ஒன்றரை அடித் தொட்டியில் இறங்க எங்கே இடம்? இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடிகளுக்கு மட்டும் அந்தப் பெயர் தொட்டியிலும் செல்லும்.

நிரூபணத்துக்கு ஆயுளும் உண்டு. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெள்ளை ஈ மூலம் பரவி இலையெல்லாம் வலை வலையாக வெளுக்கும். அதைத் தாங்குவதற்காக, காட்டு வெண்டை இனத்தோடு சேர்த்து உருவாக்கிய ரகம் 'அர்கா அனாமிகா'. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. நெடுநாள் நன்றாகத் தாங்கியது. அப்புறம் வைரஸ் வழி கண்டுபிடித்துக்கொண்டது, பல இடங்களில் எதிர்ப்பு உடைந்தது. ரோஜாவின் கரும்புள்ளி நோயிலும் இதே ஓட்டம்தான். அந்தப் பூஞ்சாணத்தில் பல இனப்பிரிவுகள் உண்டு, ஒன்றைத் தாங்கும் ரோஜா இன்னொன்றிடம் விழும். ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்ற ரோஜாத் தேர்வு இதைத் தெரிந்தே நடக்கிறது. நாட்டின் பல இடங்களில், மூன்று வருடம், மருந்தே தெளிக்காமல் பார்த்துத்தான் முத்திரை தருகிறார்கள். பின்னால் ரகம் சரிந்தால் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இதனால் நோய் எதிர்ப்பு என்று எங்கே படித்தாலும் அது எந்த வருடத்துச் செய்தி என்று பார்க்கிறேன். 20 வருடத்துக்கு முந்தைய அறிக்கை செடியின் வடிவம், உயரம், பூக்கும் காலம் இவற்றுக்குச் செல்லும். நோய் விஷயத்தில் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா என்று தேட வேண்டும்.

நாக் அவுட் ரோஜா இதில் ஒரு கிளைக்கதை. 2000இல் சந்தைக்கு வந்தது, கரும்புள்ளிக்கு அசைந்துகொடுக்காத ரோஜா என்று பெயர் வாங்கியது, அந்தப் பெயர் சரியானதும்கூட. எங்கு பார்த்தாலும் அதை நட்டார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப் பேன் பரப்பும் ரோசெட் என்ற வைரஸ் நோய் அமெரிக்காவில் பரவியபோது அதற்கு இந்த ரோஜாவிடம் எதிர்ப்பு இல்லை. ஒரே ரகம் கூட்டமாக நின்ற இடங்களில் பாதிப்பு வரிசையாகப் போனது. நம்பகமான செடி கிடைத்துவிட்டது என்று வேலி முழுக்க அதையே நடுவது எனக்கு அதனால்தான் பிடிக்காது.

பெயர் விஷயத்தில் சோம்பல் கூடாது. அறிக்கையில் மதிப்பெண் வாங்கியது ஒரு குறிப்பிட்ட ரகம். பதியன், ஒட்டு, தண்டுக் குச்சி என்று உடலிலிருந்து பெருக்கியிருந்தால் கையில் இருப்பது அதே செடி. அதன் விதையில் முளைத்தது அதன் பிள்ளை, குணம் எப்படியும் மாறலாம். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து நட்டவர்களுக்கு இது தெரியும். இனப் பெயர் மட்டும் எழுதி, ரகப் பெயர் எழுதாத செடியை வாங்கும்போது நாம் வாங்குவது அந்த அறிக்கையை அல்ல. ஒரே செடிக்கு ரகப் பெயர் ஒன்று, வியாபாரப் பெயர் ஒன்று என்று இரண்டும் இருக்கலாம். நாக் அவுட்டின் பதிவான ரகப் பெயர் 'ராட்ராஸ்'. இரண்டையும் போட்டுத் தேடினால்தான் முழுக்கதை வரும்.

எல்லாப் பகுதிக்கும் இப்படி அறிக்கை இருக்காது. அப்போது தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பெயர்ப்பலகையைப் படிப்பது நல்ல வழி. பல பூங்காக்களில் செடியின் பெயரோடு ஒரு வரவு எண் இருக்கும். பெரும்பாலும் அதன் முதல் நான்கு இலக்கம் செடி அங்கே வந்த ஆண்டு. எண் 1998 என்று தொடங்கி, செடி இன்னும் இடுப்புயரத்தில் பசுமையாக நின்றால், அந்தப் பலகை ஒரு நல்ல அறிக்கைக்குச் சமம். பலகை மட்டும் இருந்து செடி இல்லையென்றாலும் குறித்துக்கொள்வேன். வருடத்தின் மோசமான மாதத்தில் போவதுதான் உத்தமம். பூக்கும் மாதத்தில் எல்லாச் செடியும் நல்ல செடிதான்.

கைவிடப்பட்ட வீடுகள், பழைய கல்லறைத் தோட்டங்கள் இன்னொரு சாட்சி. டெக்சாஸில் ரோஜாப் பிரியர்கள் சிலர் பாழடைந்த வீட்டு முற்றங்களிலும் கல்லறைகளிலும் அலைந்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக்கொண்டிருந்த பழைய ரோஜாக்களிலிருந்து குச்சி ஒடித்து வந்து பெருக்கினார்கள். அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று உரமும் மருந்தும் இல்லாமல் ரோஜாக்களைச் சோதித்து 'எர்த்கைண்ட்' என்று முத்திரை தரத் தொடங்கியபோது, அப்படிப்பட்ட பழைய ரகங்களும் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. இந்தச் சாட்சியத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. பாழடைந்த முற்றத்தில் நிற்பது வேர் ஆழமாக இறங்கிய கிழட்டுச் செடி. அதே முற்றத்தில் கன்றாகவே காய்ந்துபோன மற்ற ஒன்பதை நாம் பார்ப்பதில்லை. நாம் நடப்போவதும் கன்றைத்தான். பிழைத்த செடியைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வீட்டில் ஒரு சின்னச் சோதனை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன். ஒரு ரகத்தில் மூன்று கன்று. மூன்றையும் ஒரே இடத்தில் நட மாட்டேன், வெயிலும் ஈரமும் மாறுபடும் மூன்று இடங்களில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏற்கெனவே நன்றாக வரும் ஒரு பழைய செடி, ஒப்பிட. நட்ட தேதி, வாங்கிய இடம், முழு ரகப் பெயர், முதல் பூ, முதல் நோய்ப் புள்ளி, செத்தால் அந்த வாரத்து வானிலை, இவை நோட்டில் ஏறும். மூன்றில் ஒன்று செத்தால் இடத்தைச் சந்தேகிப்பேன், இரண்டு செத்தால் ரகத்தை. மூன்றும் செத்து, பக்கத்திலிருந்த பழைய செடிகளும் வாடியிருந்தால் தண்ணீர்க் குழாயைப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் வருடத்து முடிவை வைத்து எதையும் பிடுங்குவதில்லை. பல்லாண்டுச் செடிகள் முதல் வருடம் வேரில்தான் மும்முரமாக இருக்கும். மூன்றாம் வருடமும் அதே இடத்தில், மருந்து கேட்காமல், பக்கத்துச் செடியை மிதிக்காமல் நின்றால் அதிலிருந்து குச்சி எடுத்துப் பதியன் போடலாம்.